பளபளக்கும் பெடலும் பம்பர் கீறலும்

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் தன் காருக்குள் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தான். முகம் இல்லை, ஸ்டியரிங் இல்லை. கால் வைக்கும் இடத்தில் மூன்று பெடல்கள் மட்டும். கறுப்பு ரப்பர் போய், ஓட்டை ஓட்டையாக வெள்ளி நிறத்தில் மின்னும் அலுமினியம் வந்திருந்தது. 'ஸ்போர்ட்ஸ் மோடு ஆன்' என்று ஒரு வரி. நான் கீழே மூன்றே சொல் எழுதினேன்: "கழற்றிவிடு கண்ணு, ஆபத்து." அவ்வளவுதான். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. ஒரு பையன் 'பூமர் மாமா' என்று எழுதினான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இன்று கார் அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவன், "சார், இப்ப இதுதான் டிரெண்டு சார், வாரத்துக்குப் பத்து வண்டிக்கு மாட்டறேன்" என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பத்து வண்டிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நானும் அந்த வயதைத் தாண்டித்தான் வந்தேன். ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது என் சைக்கிளின் ரப்பர் கட்டை பெடலைக் கழற்றிவிட்டு, பல் வைத்த இரும்புப் பெடல் மாட்டினேன். ஸ்போக்கில் கலர் மணி வேறு. முதல் மழையில் கால் வழுக்கி அந்தப் பல் கணுக்காலுக்கு மேலே கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். ஆகவே ஆசைப்பட்டதற்காக யாரையும் நான் திட்ட வரவில்லை. திட்ட வேறு காரணம் இருக்கிறது.

இந்த மெட்டல் பெடல் எங்கிருந்து வந்தது? பந்தயக் காரிலிருந்து. கோயம்புத்தூர்க்காரர்களான நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நம் ஊரிலேயே பந்தயக் கார் வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் பெயரில் 2003இல் திறந்தார்கள். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஜோர்டான் அணிக்கு ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நம்மூர்ப் பையன். பந்தயம் இந்த ஊரின் ரத்தத்தில் இருக்கிறது, சந்தோஷம்.

ஆனால் பந்தயக்காரின் பெடலைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அது பளபளக்காது. துளைகளின் விளிம்பு மேலே தூக்கி, காய் துருவி மாதிரி சொரசொரப்பாக இருக்கும், இல்லாவிட்டால் உப்புத்தாள் போன்ற பட்டை ஒட்டியிருப்பார்கள். கால் பக்கவாட்டில் நழுவாமலிருக்க ஓரத்தில் தடுப்பு வைத்த பெடல்களும் உண்டு. ஓட்டுகிறவர் அடிப்பாகம் மெல்லிய, பாதத்தோடு ஒட்டிய காலணி போட்டிருப்பார். மழை நாளில் அந்த அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். வலது காலின் முன்பாகத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி கியரை இறக்குவதற்காக இரண்டு பெடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அது வருஷக்கணக்கில் பழகி வருகிற வித்தை.

நாம் எதைப் போட்டு ஓட்டுகிறோம்? ரப்பர் செருப்பு. பாதிப் பேர் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறோம். ஐப்பசி கார்த்திகையில் வாசலில் இறங்கினால் கணுக்கால் வரை சேறு. அந்தக் காலோடு ஏறி, வழவழவென்று தேய்த்த அலுமினியத்தை மிதிப்பதற்குப் பெயர் ஸ்போர்ட்ஸ் மோடா?

இனி என் கதைக்கு வருகிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொல்லாதது.

போன வருஷம் கார்த்திகை மாதம். தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள் கட்டுப் பிரிக்க அழைத்துப்போக வேண்டும். மருமகனுக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. என் வண்டி சர்வீசில் இருந்தது. "மாமா, என் வண்டிய எடுத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பெடல் மாற்றியிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. படம்தான் இப்போது போட்டான், மாட்டியது அதற்கும் முன்பே. நல்ல மழை. திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டி, சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. இருபது கிலோமீட்டர் வேகம் இருந்தால் அதிகம். பிரேக்கில் கால் வைத்தேன். செருப்பு அப்படியே வலது பக்கம் வழுக்கியது. வழுக்கிய கால் ஆக்ஸிலேட்டரின் இடது விளிம்பில் போய் உட்கார்ந்தது. வண்டி ஒரு குதி குதித்தது.

இடது ஓரத்தில் இளநீர் வண்டி. பம்பரின் முனை அதன் சக்கரத்தில் தட்டி நின்றது. ஐந்தாறு இளநீர் உருண்டு சாக்கடையோரம் போயிற்று. கடைக்காரப் பெரியவர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று யாருக்கோ சீவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நின்றிருந்தால் அவருடைய முழங்கால் அங்கே இருந்திருக்கும். இறங்கி ஓடினேன். கை நடுங்கியது. ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "காயி கழுவிக்கலாம் போங்க, பாத்து ஓட்டுங்க சார்" என்றார். பின் சீட்டில் ஒரு கண்ணில் கட்டோடு இருந்த தங்கை, "குழியாண்ணா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன்.

மாப்பிள்ளை, உன் பம்பரின் இடது மூலையில் இருக்கும் கீறல் நான் போட்டது. நீ கேட்டபோது, "பார்க்கிங்ல எவனாவது இடிச்சிருப்பான்" என்று சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்று முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதியவன் சொன்ன பொய் அது. பெயிண்ட் செலவு என்னுடையது. ஆனால் அந்த நாளைப் பற்றி நான் வாயைத் திறக்காததால், அதே பெடலோடு நீயும் உன் அம்மாவும் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"வயசாச்சு, உங்க கால் தடுமாறியிருக்கும்" என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம். அதனால்தான் அடுத்த முறை தங்கை வீட்டுக்குப் போனபோது சோதித்துப் பார்த்தேன். நிறுத்தியிருந்த வண்டி, எஞ்சின் அணைத்தது. அதே செருப்பு, அடியில் தண்ணீர் நனைத்து, பிரேக்கைச் சட்டென்று பத்து முறை மிதித்தேன். மூன்று முறை வழுக்கியது. வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷம் பழைய என் வண்டியில், தேய்ந்துபோன ரப்பர் பெடலில், அதே காலால் அதே செருப்பால் பத்து முறை. ஒரு தடவைகூட நகரவில்லை. வயசானது என் கால்தான். ஆனால் இரண்டு வண்டியிலும் ஒரே கால்.

பிறகு டார்ச்சும் மர ஸ்கேலும் எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். (எழுந்திருக்க உதவிக்கு ஆள் தேவைப்பட்டது, அது வேறு விஷயம்.) ஆக்ஸிலேட்டர் தகடு பழைய பெடலைவிட அகலம். பிரேக் தகடும் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் படித்து ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இன்னொரு மாணவனிடம் அதே மாடல் வண்டி, மாற்றம் எதுவும் செய்யாதது, நின்றிருந்தது. அதிலும் அளந்தேன். இரண்டு பெடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நம் வண்டியில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஆக்ஸிலேட்டர் தகடு தடிமனாக இருந்ததால் அது மேலே எழும்பி, பிரேக்கின் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. சாதாரண வண்டியில் பிரேக் பெடல் ஆக்ஸிலேட்டரைவிடச் சற்று உயரமாக இருப்பது தற்செயல் இல்லை. பிரேக்கை அழுத்தும் கால் கூடவே ஆக்ஸிலேட்டரையும் அழுத்திவிடக் கூடாது என்று யோசித்து வைத்த உயரம் அது. எத்தனையோ இஞ்சினியர்கள் உட்கார்ந்து முடிவு செய்த அந்த உயரத்தை, ஒரு பாக்கெட் வாங்கி அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டான்.

இதில் மாட்டும் முறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று வகை பார்த்தேன். பெடலில் டிரில் போட்டு போல்ட் முடுக்குவது ஒன்று. பின்பக்கம் கொக்கி வளைத்து ஆலன் கீயால் இறுக்குவது ஒன்று. மூன்றாவது, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். நாள்காட்டி ஒட்டுகிற டேப்பை நம்பி பிரேக்கை மிதிக்கிற ஆட்களை என்ன சொல்வது? பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். ஐந்தாம் வகுப்பில் கரண்டியும் டப்பா மூடியும் வைத்துக் காட்டினேனே, அதேதான். உங்கள் காலின் விசையை அது சுமார் நான்கு மடங்காக்கி பூஸ்டருக்குக் கொடுக்கிறது, பூஸ்டர் இன்னும் பெருக்கி எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கும் வாசல் உங்கள் பாதமும் அந்தத் தகடும் சேரும் இடம் ஒன்றுதான். வாசலில் வழுக்கினால் உள்ளே எத்தனை மடங்கு இருந்து என்ன?

டேப் என்றதும் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏப்ரல் 2024இல் டெஸ்லா நிறுவனம் தன் சைபர்டிரக் வண்டிகள் 3,878ஐத் திரும்ப அழைத்தது. காரணம் ஆக்ஸிலேட்டர் பெடலின் மேல் பொருத்திய தகடு. அது கழன்று மேலே நழுவி, உட்புற விளிம்பில் சிக்கி, பெடலை அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளக் கூடும் என்று கண்டார்கள். தகடு சுலபமாக ஏறட்டும் என்று தொழிற்சாலையில் சோப்பு தடவியிருக்கிறார்கள். அந்த வழவழப்பு மிச்சமிருந்ததால் தகடு நிற்கவில்லை. கடைசியில் ரிவெட் அடித்துச் சரி செய்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியை ஒரு சொட்டுச் சோப்பு தோற்கடித்தது. நம் கடைக்காரப் பையன் பெடலை என்ன போட்டுத் துடைத்துவிட்டு டேப் ஒட்டுகிறான் என்று யாராவது கேட்டீர்களா?

இன்னொன்று, இது சிரிப்பதற்கில்லை. 2009 ஆகஸ்ட் 28. அமெரிக்காவில் சான் டியேகோ பக்கம், இரவலாகக் கொடுத்த ஒரு லெக்சஸ் காரில் ஒரு போலீஸ் அதிகாரியும் அவருடைய குடும்பத்தினர் மூன்று பேரும் போனார்கள். வண்டி நிற்கவே இல்லை. நான்கு பேரும் இறந்தார்கள். அந்தக் காரில் வேறு மாடல் வண்டியின் தடித்த ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரின் கீழ் நுனி அதில் மாட்டிக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு எச்சரிக்கை விட்டுத் திரும்ப அழைத்தது. பரிகாரமாக என்ன செய்தார்கள் தெரியுமா? பெடலின் கீழ் நுனியை வெட்டிக் குட்டையாக்கினார்கள், மேட்டுக்கும் பெடலுக்கும் இடைவெளி கூடட்டும் என்று. அவர்கள் இடைவெளிக்காகப் பெடலைக் குறைத்தார்கள். நாம் காசு கொடுத்து அதே இடத்தில் தகடு வைத்து நீட்டுகிறோம், அதற்கடியில் இரண்டு மேட் வேறு, ஒன்று கம்பெனி கொடுத்தது, ஒன்று நாம் வாங்கியது.

"இப்ப வர்ற வண்டியில பிரேக்க மிதிச்சா ஆக்ஸிலேட்டர் தானா கட் ஆயிடும் மாமா" என்று ஒருவன் சொல்வான். உண்மை, பல வண்டிகளில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு நீ முதலில் பிரேக்கை மிதிக்க வேண்டுமே! கால் வழுக்கினவனுக்கு அது எப்படி உதவும்? கழன்ற தகடு பிரேக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால், அங்கே உருண்டு போகும் தண்ணீர் பாட்டிலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர் போகிறோம். கால் தேடித் திரும்ப மிதிக்க அரை நொடி என்று வையுங்கள், எட்டு மீட்டருக்கு மேல். நம் பள்ளியின் வகுப்பறையைவிட நீளம். அந்த நீளத்தில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

"கம்பெனியே டாப் மாடல்ல மெட்டல் பெடல் கொடுக்கறானே?" இது நல்ல கேள்வி. கொடுக்கிறான். அதில் உலோகத்தின் மேலே ரப்பர் குமிழ்கள் வரிசையாக எழும்பியிருக்கும். கால் படுவது அந்த ரப்பரில்தான், உலோகம் கண்ணுக்கு. அளவும் உயரமும் அந்த வண்டிக்கென்றே பார்த்துச் செய்தவை. கடையில் 'யுனிவர்சல்' என்று பாக்கெட் போட்டு விற்பது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் மூக்குக் கண்ணாடி என்று யாராவது விற்றால் வாங்குவீர்களா? என் மருமகன் மாட்டியதிலும் ரப்பர் குமிழ் இருந்ததாம், பாதி உதிர்ந்துவிட்டது. அது உதிர்ந்த குழிகளைத்தான் நான் டிசைன் என்று நினைத்தேன்.

சட்டத்தை நான் துணைக்கு அழைக்கப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் சேர்த்தார்கள். ஆனால் பெடல் உறை அதில் வருமா என்று வாதாடலாம். எந்தக் காவலரும் குனிந்து பெடலைப் பார்க்கப் போவதுமில்லை. கண்ணாடி ஃபிலிமும் சைலன்சர் சத்தமும் மாட்டும், இது மாட்டாது. சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் எஃப்.சி.யும் கிடையாது. ஆக இதைப் பார்க்க வேண்டிய கண் நம் கண் மட்டும்தான்.

எனக்குக் கோபம் எதில் என்று சொல்கிறேன். நம் வீடுகளில் கார் ஒரு ஆளுடையது இல்லை. கடன் அவன் பெயரில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓட்டுவார், மார்க்கெட்டுக்குத் தங்கை எடுப்பாள், குலதெய்வம் கோயிலுக்குப் போக ஆக்டிங் டிரைவர் வருவார், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாவி வாங்குவார். ஸ்டிக்கர் ஒட்டு, சீட் கவர் மாற்று, பாட்டுப்பெட்டி வை, யாருக்கும் நஷ்டமில்லை. பெடலை மாற்றினால் இவர்கள் எல்லோருடைய காலுக்கும் கீழே இருப்பதை மாற்றுகிறாய், ஒருவரையும் கேட்காமல். எனக்குச் சாவியைக் கொடுத்தபோது, "மாமா, பெடல் வழுக்கும், பாத்து" என்ற ஒரு வார்த்தை உனக்குத் தோன்றவில்லை. அதைத் தப்பாகச் சொல்லவில்லை. உன் ஷூவுக்கு அது வழுக்கவில்லை, அதனால் உனக்குத் தெரியவே இல்லை. ஆயுத பூஜைக்கு மூன்று பெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயே, அன்றைக்காவது வெறுங்காலோடு ஒரு மிதி மிதித்துப் பார்த்திருக்கலாம்.

கடை வைத்திருக்கும் என் மாணவனுக்கும் ஒரு வார்த்தை. உன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு ஆசையில்லை. நீ கஷ்டப்பட்டு அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தவன் நான். ஆனால் வாங்க வருகிறவனிடம் நீ ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இந்த வண்டியை வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேள். டேப் ஒட்டும் ரகத்தை விற்காதே. கொக்கி ரகம் மாட்டினால் ஒரு மாதத்தில் வந்து திரும்ப இறுக்கிக்கொள்ளச் சொல். கழற்றிய பழைய ரப்பரைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு வண்டியிலேயே வை. டிராக்கில் ஓட்டத் தனி வண்டி வைத்திருப்பவன் வந்தால் தாராளமாக மாட்டிக் கொடு, போல்ட் போட்டு.

மாப்பிள்ளை, ஒர்க்‌ஷாப்காரத் தம்பியிடம் புது ரப்பர் பேட் மூன்று சொல்லியிருக்கிறேன். விலை உன் தகட்டில் கால்வாசிகூட இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோடு வீட்டுக்கு வா. ஆலன் கீ நீ கொண்டுவா, ஸ்கேல் என்னிடம் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அது குழி இல்லை என்று அவளிடம் நான் நேரில் சொல்ல வேண்டும். பம்பருக்கு எவ்வளவு ஆகும் என்று பெயிண்ட் கடையில் கேட்டு வை.